வளரிளம் பருவத்தினரின் உடல்நலமும் கைப்பேசித் திரையும்

பாடசாலையில் காலை முதற்பாடவேளையிலேயே மேசைமீது தலை சாய்த்து உறங்கும் மாணவனை ஆசிரியர் யாவரும் கண்டிருப்பர். முன்னாட்களில் இத்தகைய மாணவனைக் கண்டால், காலை உணவு கொள்ளாமல் வந்தானோ, இரத்தசோகை உடையவனோ, பள்ளிக்கு வருமுன் வயலிலோ கடையிலோ வேலை செய்துவிட்டு வந்தானோ என்று விசாரிப்பது வழக்கம். இவ்வினாக்கள் இன்றும் கேட்கத்தக்கவையே. ஆயினும், இவற்றுடன் மற்றொரு வினாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டிய காலம் வந்துள்ளது. ‘நேற்றிரவு வீட்டுக் கைப்பேசி யாரிடம் இருந்தது?’ என்பதே அது.

இது நகரத்துப் பிள்ளைகளை மட்டும் பற்றிய செய்தி என்று எண்ணிவிடலாகாது. 2024ஆம் ஆண்டில் நம் நாட்டுக் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட ‘ஏசர்’ என்னும் கல்விநிலைக் கணக்கெடுப்பின்படி, 14 முதல் 16 வயதுவரை உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேரின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. நூற்றுக்கு 82 பேர் அதனை இயக்க அறிந்திருந்தனர். அவ்வாறு அறிந்தவர்களுள், கணக்கெடுப்புக்கு முந்திய வாரத்தில் கல்விக்காக அதனைப் பயன்படுத்தியோர் நூற்றுக்கு 57 பேர். சமூக ஊடகங்களுக்காகப் பயன்படுத்தியோர் நூற்றுக்கு 76 பேர். ஆகவே, கிராமத்தில் பணிபுரியும் ஆசிரியரும், ஆஷா ஊழியரும், சுகாதாரச் செவிலியரும் இப்பொருளைப் பற்றிச் சரியான அறிவு பெற்றிருத்தல் இன்றியமையாததாகிறது.

இதைப்பற்றி மக்களிடையே இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. கைப்பேசி பிள்ளைகளை அடியோடு கெடுத்துவிடும் என்பது ஒன்று. காலத்திற்கேற்ற மாறுதல்தானே, இதனால் தீங்கொன்றுமில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஆராய்ச்சியின் முடிவுகளுக்குப் பொருந்துவன அல்ல. எங்கே சான்று வலிமையுடையது, எங்கே அது வலிமை குன்றியது என்பதைப் பிரித்தறிந்தால்தான் பெற்றோருக்கு நாம் கூறும் யோசனை பயன்படும்.

உறக்கமும் உடலின் கடிகாரமும்

திரையினால் விளையும் தீமைகளுள் முதன்மையாகக் கருதத்தக்கது உறக்கக் குறைவாகும். 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. வளர்ச்சிக்கு வேண்டிய ஹார்மோன் ஆழ்ந்த உறக்கத்தின்போதே மிகுதியாகச் சுரக்கிறது. பகலில் கற்றவை நினைவில் பதிவதும் உறக்கத்தின்போது மூளையில் நிகழும் வேலையைப் பொறுத்ததே.

நம் உடலில் ஏறத்தாழ 24 மணி நேரத்திற்கு ஒருமுறை சுழலும் கடிகாரம் ஒன்று உண்டு. இதன் தலைமை நிலையம் மூளையின் ஹைப்பதாலமஸ் பகுதியில் உள்ளது. இருள் சூழ்ந்தவுடன் அது கொடுக்கும் சைகையால், பினியல் சுரப்பி மெலட்டோனின் என்னும் பொருளைச் சுரக்கத் தொடங்குகிறது. உடல் உறக்கத்திற்கு ஆயத்தமாகிறது. இப்பொழுது பகலா இரவா என்பதை இக்கடிகாரத்திற்கு அறிவிப்பது கண்ணே. விழித்திரையில் உருவங்களைக் காண்பதற்குரிய செல்கள் அல்லாமல், ஒளியின் அளவை மட்டும் உணர்ந்து மூளைக்குச் சொல்லும் தனிவகைச் செல்கள் உள்ளன என்பது 2002ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. இவை நீலநிற ஒளியால் மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. கைப்பேசித் திரை வெளியிடும் ஒளியில் நீலம் கணிசமாக இருத்தலால், இரவில் அதனைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் நோக்குவோரின் உடற்கடிகாரம் இன்னும் மாலைப்பொழுதே நீடிக்கிறது என்று மயங்குகிறது.

எனினும், ஒளியின் பங்கை மிகைப்படுத்திக் கூறுதல் கூடாது. 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனையில், உறங்குமுன் 4 மணி நேரம் ஒளிரும் திரையில் நூல் படித்தவர்கள், அச்சிட்ட நூலைப் படித்தவர்களைவிட ஏறத்தாழ 10 நிமிடமே தாமதமாக உறங்கினர். ஆயினும் அவர்களுடைய உடற்கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. அச்சோதனையில் அவர்கள் படித்தது அமைதியான நூல். நம் பிள்ளைகளோ இரவில் காண்பது விளையாட்டும், நண்பர்களின் செய்தியும், முடிவின்றித் தொடரும் குறும்படங்களுமாகும். இவை மனத்தைக் கிளர்ச்சியுறச் செய்கின்றன. ஒன்று முடிந்ததும் மற்றொன்று தானே தொடங்குவதால், நிறுத்தவேண்டிய இடம் எது என்பது தெரிவதில்லை. ஆகவே, உறக்கத்தைக் கெடுப்பதில் ஒளியைக் காட்டிலும், கழிந்துபோகும் நேரத்திற்கும் கிளர்ச்சியுற்ற மனத்திற்கும் பங்கு மிகுதி எனலாம்.

இப்பருவத்திற்கே உரிய மற்றொரு இயல்பையும் நாம் அறிதல் வேண்டும். பூப்புப் பருவத்தில் உடற்கடிகாரம் இயற்கையாகவே சற்றுப் பின்தள்ளப்படுகிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்கே கண்ணயர்ந்த பிள்ளை, பதினைந்தாம் வயதில் பத்தரை மணிவரை விழித்திருக்க விரும்புவது சோம்பலோ அடங்காமையோ அன்று. உடலின் வளர்ச்சி முறையே. ஆனால் பள்ளி மணி முன்போலவே காலையில் அடிக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே அகப்பட்டு ஏற்கனவே குறுகிய உறக்கத்தைக் கைப்பேசி மேலும் குறுக்குகிறது.

இதனை மாணவர்களுக்குக் கரும்பலகையில் ஒரு கணக்காகவே காட்டலாம். காலை 6 மணிக்கு எழும் மாணவன் 8 மணி நேரம் உறங்க வேண்டுமாயின் இரவு 10 மணிக்குப் படுத்தல் வேண்டும். அவன் 11.30 மணிவரை கைப்பேசி பார்த்தால் ஒன்றரை மணி நேரம் குறைகிறது. வாரத்தில் 6 இரவுகளில் 9 மணி நேரம் குறையும். அதாவது, வாரத்திற்கு ஓர் இரவு முழுவதும் அவன் உறங்காமல் இருந்ததற்கு ஒப்பாகும். இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கும் மாணவர், அறிவுரையைக் காட்டிலும் இதனை நன்கு நினைவில் கொள்வர்.

கண்

கைப்பேசியின் ஒளி விழித்திரையைச் சுட்டுவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். இவ்வச்சத்திற்கு ஆதாரமில்லை. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகள் கண்சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே 2023ஆம் ஆண்டில் பல சோதனைகளை ஒருங்கே சீர்தூக்கிய ‘காக்ரேன்’ ஆய்வுரையின் முடிவாகும். ஆதலால், ஏழைப் பெற்றோர் இதற்காகப் பொருட்செலவு செய்ய வேண்டுவதில்லை.

உண்மையான கேடுகள் இரண்டு. முதலாவது கண் உலர்தல். சாதாரணமாக நிமிடத்திற்கு 15 முறை அளவில் இமைக்கும் நாம், திரையைக் கூர்ந்து நோக்கும்போது அதில் பாதிக்கும் குறைவாகவே இமைக்கிறோம். இமைக்காத கண் உலர்ந்து எரிச்சல் காண்கிறது. இடையிடையே தொலைவிலுள்ள பொருளை நோக்கினால் இது தணியும். நிலையான தீங்கு விளைவதில்லை.

இரண்டாவது கேடாகிய கிட்டப்பார்வை அத்தகையதன்று. இக்குறை உள்ளவர்களுக்கு விழிக்கோளம் இயல்பைவிட நீண்டுவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் மிகுதியாக நீண்டாலும் ஏறத்தாழ இரண்டரை டயாப்டர் அளவுக்குக் கண்ணாடி தேவைப்படும். நீண்ட விழி மீண்டும் சுருங்குவதில்லை. கண்ணாடி பார்வையைத் திருத்துமேயன்றி விழியைத் திருத்தாது. மிக நீண்ட விழியில் பிற்காலத்தில் விழித்திரை விலகல் முதலிய நோய்கள் நேரவும் இடமுண்டு.

அருகிலுள்ளவற்றையே இடைவிடாது நோக்குவதும், வெளியொளியில் இருக்கும் நேரம் குறைவதும் கிட்டப்பார்வை மிகுவதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. வகுப்பறை வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ் அளவே. திறந்த வெளியில் மரநிழலில்கூட அது பல்லாயிரமாகும். உச்சி வெயிலில் ஒரு லட்சம் வரை செல்லும். இப்பேரொளி விழித்திரையில் டோப்பமீன் என்னும் பொருளை மிகுவித்து, விழி நீள்வதைத் தடுக்கிறது என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். சீனாவின் குவாங்சௌ நகரில், பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவினரை நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருக்கச் செய்தனர். 3 ஆண்டுகளின் முடிவில் அப்பிரிவில் புதிதாகக் கிட்டப்பார்வை பெற்றோர் நூற்றுக்கு 30 பேர். மற்றப் பிரிவில் நூற்றுக்கு 39 பேருக்கும் மேல். நாற்பது நிமிடம் என்பது ஒரு பாடவேளையே ஆகும். உடற்பயிற்சி வேளையைக் கணக்குப் பாடத்திற்கு எடுத்துக்கொள்ளும் பள்ளிகள் இதனைச் சிந்தித்துப் பார்த்தல் நன்று.

உடல் இயக்கம்

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரி 60 நிமிடமாவது உடல் நன்கு இயங்கும்படி ஓடியாடுதல் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. திரைமுன் அமர்ந்திருக்கும் நேரம் பெரும்பாலும் இவ்விளையாட்டு நேரத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. திரையைப் பார்த்துக்கொண்டே தின்பண்டம் உண்ணும் வழக்கம் சேர்ந்துகொண்டால், வேண்டிய அளவுக்குமேல் உண்பதும் நேர்கிறது. கழுத்தைக் கவிழ்த்து நெடுநேரம் இருப்பதால் கழுத்திலும் தோளிலும் வலி உண்டாகிறது. பெண்பிள்ளைகளின் நிலை மேலும் கவனிக்கற்பாலது. பூப்பெய்திய பின்னர் அவர்கள் வெளியில் விளையாடுவது பல ஊர்களில் நின்றுவிடுகிறது. வெளியுலகம் அடைக்கப்பட்ட பெண்ணுக்குத் திரையே உலகமாகிவிடுவதில் வியப்பில்லை. அவளிடமிருந்து கைப்பேசியை மட்டும் வாங்கிவிட்டால், அதன் இடத்தில் வைக்க ஒன்றுமிராது.

மனநிலை

சமூக ஊடகங்கள் பிள்ளைகளின் மனத்தை வாட்டுகின்றனவா என்னும் வினாவுக்கு விடை கூறும்போதுதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நாளொன்றுக்கு 3 மணி நேரத்திற்கு மேல் சமூக ஊடகங்களில் கழிக்கும் வளரிளம் பருவத்தினருக்குச் சோர்வு, கவலை முதலிய அறிகுறிகள் தோன்றும் வாய்ப்பு இருமடங்காகக் காணப்பட்டதென அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை சுட்டிக்காட்டியது. ஆனால் 2019ஆம் ஆண்டில் மூன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட இளைஞர்களின் விவரங்களை ஆராய்ந்த ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள், அவர்களது மனநலத்தில் காணும் வேறுபாடுகளில் நூற்றுக்கு அரைப்பங்குக்கும் குறைவே மின்னணுக் கருவிகளின் உபயோகத்தோடு தொடர்புடையது என்று கண்டனர்.

இவை ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றலாம். இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவது வேறு. ஒன்றினால் மற்றொன்று விளைவது வேறு. வீட்டில் சண்டையும் பள்ளியில் தனிமையும் உடைய பிள்ளை ஆறுதல் தேடிக் கைப்பேசியை நாடுவதும் உண்டு; கைப்பேசியில் கண்டவற்றால் மனம் நொந்துபோவதும் உண்டு. மேலும், சராசரியில் சிறியதாகத் தோன்றும் விளைவு, எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகச் சிறியதன்று. பெரும்பாலோர்க்கு ஒன்றும் நேராமல், சிலருக்கு மிகுந்த துன்பம் நேரலாம். 2022ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளியான ஆய்வில், பெண்பிள்ளைகளுக்கு 11 முதல் 13 வயதிலும், ஆண்பிள்ளைகளுக்கு 14, 15 வயதிலும் சமூக ஊடகத்தின் மிகுந்த உபயோகத்தைத் தொடர்ந்து, ஓராண்டு கழித்து மனநிறைவு குறைந்தது காணப்பட்டது. உடல் மாறிக்கொண்டிருக்கும் அவ்வயதில், திருத்தி அழகுபடுத்திய பிறர் உருவங்களோடு தன்னை ஒப்பிட்டு நோக்குவது மனத்தைப் பாதிப்பது இயல்பே.

இவ்வூடகங்கள் பிள்ளைகளை விடாது ஈர்ப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பெறும் பரிசு எப்பொழுது வரும் என்று தெரியாதபோதுதான் ஓர் உயிர் மிகுந்த விடாமுயற்சியோடு அதனைத் தேடுகிறது என்பதை ஸ்கின்னர் என்னும் உளவியல் அறிஞர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளால் காட்டினார். தான் இட்ட படத்திற்கு எத்தனை பேர் ‘லைக்’ இட்டனர் என்று பிள்ளை மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்ப்பதும் இவ்வகையினதே. ஆகவே, ‘உனக்கு மனவுறுதி இல்லை’ என்று பிள்ளையைக் கடிந்துகொள்வதில் நியாயம் இல்லை. வளர்ந்தோராகிய நாமும் இதற்கு விலக்கல்ல என்பதை நம் கைகளே சொல்லும்.

எத்தனை மணி நேரம்?

பெற்றோர் முதலில் கேட்பது இவ்வினாவே. இந்தியக் குழந்தைநல மருத்துவச் சங்கத்தின் நெறிமுறைகள், 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 5 வயதுவரை ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும், 5 முதல் 10 வயதுவரை 2 மணி நேரத்திற்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்றும் கூறுகின்றன. பத்து வயதுக்கு மேற்பட்டோர்க்கோ மணிக்கணக்கைக் காட்டிலும் சமநிலையே வற்புறுத்தப்படுகிறது. உறக்கம், விளையாட்டு, படிப்பு, குடும்பத்தாரோடு பேசுதல் ஆகியவற்றில் எதையும் திரை விழுங்காமல் இருக்க வேண்டும். விழுங்கினால் குறைக்க வேண்டும். எனவே, ‘எத்தனை மணி நேரம் பார்த்தாய்?’ என்பதைவிட, ‘அந்நேரத்தில் எது விடுபட்டுப் போயிற்று?’ என்பதே பயனுள்ள வினாவாகும்.

பள்ளியின் பொறுப்பு

பல வீடுகளில் பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்தது பள்ளியே என்பதை நாம் மறத்தலாகாது. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் கைப்பேசி வழியே நடந்தன. அப்பொழுதே மத்திய கல்வித்துறை வெளியிட்ட ‘பிரக்யாதா’ நெறிமுறை, 9 முதல் 12ஆம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட 4 பாடவேளைகளுக்கு மேற்படலாகாது என்று வரம்பு கட்டியது. பள்ளிகள் திறந்த பின்னரும், வீட்டுப்பாடத்தை இரவு 8 மணிக்கும் 9 மணிக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கம் சில இடங்களில் நின்றபாடில்லை. ‘பாடம் வந்திருக்கிறது’ என்று கைப்பேசியை வாங்கும் பிள்ளையை எந்தத் தாயும் மறுத்துப் பேச இயலாது. வீட்டுப்பாடத்தை வகுப்பிலேயே ஏட்டில் எழுதச் செய்து, மாலை 6 மணிக்குமேல் ஒன்றும் அனுப்புவதில்லை என்று ஆசிரியர்கள் தமக்குள் ஒரு விதி செய்துகொண்டால், அதுவே பெற்றோருக்குச் செய்யும் பேருதவியாகும்.

மிரட்டலும் மௌனமும்

இனிக் கூறுவது எல்லாவற்றினும் முக்கியமானது. முன்பின் அறியாத ஒருவன் பிள்ளையோடு இணையத்தில் பழகி, படம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு, பின் அதைக் காட்டி மிரட்டுவது இந்நாளில் நிகழ்கிறது. வகுப்புத் தோழர்களே ஒரு குழுவில் சேர்ந்து ஒருவரை இழிவுபடுத்துவதும் உண்டு. இத்தகைய துன்பத்தில் சிக்கிய பெண்பிள்ளை வாய் திறவாமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மிரட்டுபவனைப் பற்றிய அச்சம் மட்டுமன்று. வீட்டில் தெரிந்தால் கைப்பேசியைப் பிடுங்கிவிடுவர், பள்ளிக்கு அனுப்புவதையும் நிறுத்திவிடுவர், மணம் முடித்துவிடுவர் என்னும் அச்சமே அவள் வாயை அடைக்கிறது. அம்மௌனமே மிரட்டுபவனுக்கு வலிமையாகிறது.

ஆதலால், ‘உன்னிடம் குற்றம் காணமாட்டேன், உன் படிப்பு நிற்காது’ என்னும் உறுதியை ஆசிரியரோ செவிலியரோ முன்கூட்டியே வகுப்பில் அனைவரும் கேட்கக் கூறிவைத்தல் வேண்டும். செய்தி வந்தபின் கூறுவது காலங்கடந்ததாகும். வந்த செய்திகளை அழித்துவிடாமல் சான்றாக வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் உதவிக்கு 1098, இணையக் குற்றம் பற்றி முறையிட 1930 என்னும் தொலைபேசி எண்கள் உள்ளன. பாலியல் குற்றம் எனத் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி அதனைப் போலீசாருக்குத் தெரிவிப்பது அறிந்தவர் ஒவ்வொருவருக்கும் கட்டாயக் கடமையாகும். ‘குடும்ப மானம்’ கருதி மறைப்பது பிள்ளையையும் காக்காது, சட்டத்திற்கும் உடன்பாடன்று.

செய்யத்தக்கவை

பெற்றோர் கூட்டத்திலும் வீட்டுப் பார்வையிலும் பின்வருவனவற்றை எடுத்துக் கூறலாம்.

1. இரவு உறங்குவதற்கு ஒரு மணி நேரத்திற்கு முன்னரே கைப்பேசியைப் பிள்ளையிடமிருந்து பெற்று, படுக்கும் இடத்திற்கு அப்பால் ஓரிடத்தில் வைத்தல். ஓர் அறையே உள்ள வீட்டில் பெட்டியிலோ உயரமான அலமாரியிலோ வைக்கலாம். இவ்விதி பெற்றோருக்கும் பொருந்த வேண்டும்; தந்தை பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் மகன் கேட்கமாட்டான்.

2. காலையில் எழுப்ப மணி வேண்டுமென்றால், தனிக் கடிகாரம் ஒன்று வாங்கி வைத்தல்.

3. நாள்தோறும் பகலொளியில் ஒரு மணி நேரமாவது வெளியில் விளையாடச் செய்தல். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி மைதானத்தில் தனி நேரம் ஒதுக்கலாம்.

4. கரும்பலகை தெளிவாகத் தெரியவில்லை, தலை வலிக்கிறது என்னும் பிள்ளையை 6 மீட்டர் தொலைவில் நிறுத்திப் பார்வை அட்டையால் சோதித்தல். குறை காணப்பட்டால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவினரிடமோ ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ காட்டுதல்.

5. திடீரென்று கைப்பேசியைப் பிடுங்கி உடைப்பதோ, அடிப்பதோ கூடாது. பிள்ளையும் சேர்ந்து வகுத்துக்கொண்ட நேர ஒழுங்கே நிலைத்து நிற்கும்.

உறக்கமும் உணவும் கெட்டு, நண்பரை விட்டு விலகி, விளையாட்டை நிறுத்த முயன்றும் நிறுத்த இயலாத நிலை நீடிக்குமானால், அது கண்டிப்பினால் தீர்வதன்று. மருத்துவ உதவி தேவைப்படும். மின்விளையாட்டுக்கு அடிமையாதலை உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. அப்பட்டியல் 2022ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிலையம் 2014ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவொன்றைத் தொடங்கியது. தொலைவில் உள்ளோர், 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்து யோசனை பெறலாம். சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையின் சொல்லை ஒருபோதும் விளையாட்டாக எண்ணலாகாது. தனியே விடாமல் உடனே உதவி தேட வேண்டும்.

கைப்பேசி நம் பிள்ளைகளுக்கு அறிவையும் உறவையும் அளிக்கும் கருவியாகவும் இருக்கிறது. தேர்வு விவரமும், உதவித்தொகை விண்ணப்பமும், தொலைதூரத்தில் வேலை செய்யும் தந்தையின் குரலும் அதன் வழியேதான் வருகின்றன. ஆகவே அதனை விலக்குவது நம் நோக்கமன்று. இரவை உறக்கத்திற்கும், பகலொளியை விளையாட்டுக்கும், துன்பத்தைச் சொல்ல ஒரு பெரியவரையும் பிள்ளைக்கு உறுதிசெய்து தருவதே நோக்கமாகும். நாளைக் காலை முதற்பாடவேளையில் உறங்கும் மாணவனைக் கண்டால், அவனை எழுப்பி நிற்கவைப்பதற்கு முன், அவன் எத்தனை மணிக்குப் படுத்தான் என்று தனியே அழைத்து அன்போடு கேட்டறிதல் வேண்டும். அவனுக்குரிய உதவி அவ்வினாவிலிருந்தே தொடங்கும்.